தன்னைத்தானே வரைந்த தொப்பிக்காரர்!
படிப்பு ஏறாத மாணவர் பெரிய ஓவியர் ஆன கதை

மூலனூர்:-

"படம் போட்டா சோறு வருமா, கண்ணு?"

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்துகொண்டு இருக்கும் பிள்ளையைப் பார்த்து, நம்ம பக்கத்துத் தாய் தகப்பன் கேட்கும் கேள்வி இது.

கேட்பதில் தப்பு இல்லை. குட்டை முருங்கைக்குத் தண்ணி கட்டி, பருத்தியை மூட்டை பிடித்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் வந்த காசில் பிள்ளைக்குப் பீஸ் கட்டுகிறவர்கள் அவர்கள். கவலை இருக்கத்தான் செய்யும்.

அந்தப் பிள்ளை மாடு, மரம், கோவில் கோபுரம் என்று வரைந்தாலாவது பரவாயில்லை. தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தால்? பையனாக இருந்தால், "இவனுக்குப் பைத்தியமா?" என்பார்கள். பொண்ணு பேப்பரும் பென்சிலுமாகக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தால், "அழகு பாக்கறா" என்று பேச்சு வரும்.

ஆனால் ஓவியம் படிக்கிற மாணவர்களுக்குத் தன் முகத்தை வரைவது ஒரு முக்கியமான பாடம். அந்தப் பாடத்தை யாரும் போகாத தூரத்துக்குக் கொண்டு போன மாணவர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் பெயர் ராமானுஜம்.

கணக்கு மேதை ராமானுஜன் வேறு. இவர் ஓவியர் கே.ராமானுஜம். 1973-ல் இறந்துபோன இவருடைய கதையில், பிள்ளை பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

படிப்பு ஏறவில்லை

ராமானுஜம் 1940-களின் தொடக்கத்தில் சென்னையில் பிறந்தவர். ஆசாரமான குடும்பம். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு ஏறவில்லை. பேச்சும் சரளமாக வரவில்லை. போதாக்குறைக்கு மனநோயும் இருந்தது.

இப்படி ஒரு பிள்ளை நம் தெருவில் இருந்தால் என்ன சொல்வோம்? "அது ஒண்ணுக்கும் ஆகாது" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஆனால் அவருக்கு ஒன்று வந்தது. படம் வந்தது. பேனாவும் மையும் கொடுத்தால் பேப்பரில் மூலை முடுக்கு பாக்கி இல்லாமல் வரைந்து தள்ளினார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம், சென்னை பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் உள்ள அரசு கலைப் பள்ளி. இப்போது அது அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கியது அது.

சென்னை கடற்கரையில் 4 பேர் சேர்ந்து பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையைப் பார்த்து இருப்பீர்கள். அந்தச் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சவுத்ரி, இந்தப் பள்ளிக்குத் தலைவராக இருந்தவர். கோவை சூலூர் பக்கம் காசிகவுண்டன்புதூரில் பிறந்த நடிகர் சிவகுமார், 1965-ல் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் ஓவியம் படித்ததும் இங்கேதான்.

கோவையில் பிறந்த வாத்தியார்

அப்போது பள்ளிக்கு முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். மலையாளக் குடும்பம். ஆனால் அவர் பிறந்தது 1911-ல், நம்ம கோயமுத்தூரில்.

பணிக்கரும் சுலபமாக மேலே வந்தவர் அல்ல. குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். மற்றவர்கள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் வயதில், அதாவது 25 வயதில், 1936-ல்தான் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1957-ல் அதே பள்ளிக்கு முதல்வர் ஆனார்.

அப்படிப்பட்டவருக்கு, பிந்தி வருகிற மாணவனின் கஷ்டம் தெரியாமல் இருக்குமா? ராமானுஜத்தை அவர் மார்க்கை வைத்து எடை போடவில்லை. பேச்சை வைத்தும் எடை போடவில்லை. கையைப் பார்த்தார். அந்தக் கையில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். "எல்லாரையும் போல வரை" என்று கட்டாயப்படுத்தாமல், அவர் போக்கிலேயே வரைய இடம் கொடுத்தார்.

மச்சம் இரண்டு

ராமானுஜம் என்ன செய்தார் என்று புரிய வேண்டுமானால், மற்ற ஓவிய மாணவர்கள் தன் முகத்தை எப்படி வரைகிறார்கள், ஏன் வரைகிறார்கள் என்பது முதலில் தெரிய வேண்டும்.

பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சம் எழுதுவார்கள். "வலது முழங்கையில் ஒரு தழும்பு. இடது கன்னத்தில் ஒரு மச்சம்." போலீசுக்கும் அது போதும். ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும்.

ஆனால் அந்த ஆள் எப்படிப்பட்டவர்? பயந்தவரா, முரடரா, ராத்திரி தூங்காதவரா, கடன்காரரா? அது மச்சத்தில் தெரியாது. முகத்தில் தெரியும். முகத்தில் இருப்பதைக் கோட்டில் கொண்டு வருவதுதான் ஓவியம் படிக்கிற மாணவருக்கு வேலை.

அதற்குப் பழக ஒரு முகம் வேண்டும். மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்கார யார் வருவார்கள்? வந்தால் கூலி கொடுக்க வேண்டும். கூலி கேட்காத முகம் ஒன்றுதான். அது கண்ணாடியில் தெரிகிற சொந்த முகம்!

ஆலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோவுக்கும் இதே பிரச்சினைதான். 1886 முதல் 1888 வரை அவர் பாரிஸ் நகரத்தில் தம்பி தயவில் இருந்தார். மாடலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு தன்னையே வரைந்தார். ஆயுளில் அவர் வரைந்த தன் படங்கள் 35-க்கு மேல். அதில் முக்கால்வாசி பாரிசில் இருந்த அந்த 2 வருஷத்தில் வரைந்தவை.

கட்டு எந்தக் காதில்?

இதில் துப்பறியும் கதை போல ஒரு சங்கதி உண்டு.

1888 டிசம்பரில் மனம் பேதலித்த நிலையில் வான்கோ தன் காதைத் தானே அறுத்துக்கொண்டார். அறுபட்டது இடது காது. ஆனால் 1889 ஜனவரியில் அவர் வரைந்த படத்தில் கட்டு வலது காதில் இருக்கிறது!

ஓவியர் பொய் சொன்னாரா? இல்லை. அவர் வரைந்தது கண்ணாடியைப் பார்த்து. கண்ணாடி இடதை வலதாகக் காட்டும். கண்ணில் பட்டதைப் பட்டபடி வரைந்துவிட்டார். சலூன் கண்ணாடியில் தெரியும் நம் முகமும், ரேஷன் கார்டு போட்டோவில் இருக்கும் நம் முகமும் ஒத்துப்போகாமல் இருப்பதும் இதனால்தான்.

அதே ஆலந்து நாட்டில் அவருக்கு 200 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர் ரெம்பிராண்ட். இளவயதில், 1630-ம் ஆண்டு வாக்கில், கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கோணல் மாணலாக வைத்துக்கொள்வார். வாயைப் பிளப்பார். கண்ணை உருட்டுவார். சிரிப்பார். முறைப்பார். ஒவ்வொன்றையும் சின்னச் சின்னச் செம்புத் தகட்டில் கீறிப் படமாக அச்சடித்தார்.

பார்த்தவர்கள் கிறுக்கு என்று நினைத்து இருக்கலாம். ஆனால் கோபத்தில் புருவம் எங்கே போகிறது, பயத்தில் உதடு எப்படி ஆகிறது என்பதை அவர் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

கண் எங்கே இருக்கிறது?

வீட்டில் பேப்பர் இருந்தால் யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஜன்னல் ஓரம் கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்தில் இருந்துதான் வரவேண்டும். அப்போதுதான் மூக்கின் மேடும் கன்னத்தின் பள்ளமும் தெரியும். இரண்டு பக்கமும் டியூப் லைட் போட்டால் முகம் தோசைக்கல் போலத் தட்டையாகிவிடும்.

தலையின் உச்சிக்கும் தாடைக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்கள். கண் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. நம்ப முடியவில்லையா? ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பழகாதவர்கள் எல்லாரும் கண்ணை மேலே, நெற்றியில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இரண்டு கண்ணுக்கும் நடுவே இன்னொரு கண் வைக்கிற இடம் இருக்கும். இப்படி அளந்து அளந்து வரைந்தால் ஜாடை வந்துவிடும்.

இதோடு முடிந்ததா? இல்லை. ஜாடை வந்தால் அது போட்டோ மாதிரி இருக்கும். ஆள் வர வேண்டும். அதற்குத்தான் கோட்டின் அழுத்தமும் கலரும்.

சாயப்பட்டறைப் பாடம்

கலரைப் பற்றித் திருப்பூர் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியது இல்லை.

வெளிநாட்டு ஆர்டர்காரர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, "இதே கலர் வேண்டும்" என்பார். சாயப்பட்டறையில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் இன்ன அளவு, இன்ன அளவு என்று கலந்து, சின்னத் துணியை முக்கி எடுத்து "லேப் டிப்" போடுவார்கள். பிறகு அதை லைட் பாக்சில் வைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பார்கள். டியூப் லைட்டில் ஒத்துப்போன ஷேடு, வெயிலில் வேறாகத் தெரியும். அங்கேதான் சண்டை வரும்.

முகத்துக்கும் அதே கணக்குத்தான். "தோல் கலர்" என்று ஒரு டப்பா கிடையாது. நம்ம தோலின் மாநிறம், மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் நீலமும் சேர்ந்து வருவது. நிழல் விழுகிற இடத்துக்குக் கருப்பை எடுத்துத் தடவினால், முகத்தில் கரி பூசியது போல ஆகிவிடும். நிழலில் நீலம் இருக்கும், பச்சைகூட இருக்கும். சிவப்புச் சட்டை போட்டால் தாடைக்கு அடியில் சிவப்பு ஏறும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

இது முதல் பாடம். அடுத்த பாடத்தில் மாணவர் கண்ணை மட்டும் நம்ப மாட்டார். மனசைக் கேட்பார். கோபமாக இருக்கும் நாளில் முகத்துக்குச் செங்கல் நிறம், துக்கமான நாளில் சாம்பல் நிறம் என்று தானே தேர்ந்து எடுப்பார். அப்போதுதான் அது அவருடைய படம்.

16 வயது மாணவி

இந்த இரண்டு பாடத்தையும் படித்துத் தேறிய மாணவிக்கு உதாரணம் அம்ரிதா ஷெர்கில்.

தகப்பனார் பஞ்சாப் சீக்கியர். தாயார் ஹங்கேரி நாட்டுக்காரர். 1913-ல் பிறந்த அம்ரிதா, 1929-ல் 16 வயதில் ஓவியம் படிக்கப் பாரிஸ் போனார். மாணவியாக இருந்த காலத்தில் தன் முகத்தைப் பல தடவை வரைந்தார். ஒன்றில் வாய்விட்டுச் சிரிக்கிறார். ஒன்றில் யோசனையாக இருக்கிறார். வெள்ளைக்காரர்கள் நடுவே, "நான் எந்த ஊர்ப் பெண்?" என்ற கேள்வி அந்தப் படங்களில் இருக்கிறது.

1934-ல் இந்தியா திரும்பினார். பிறகு தெற்கே கன்னியாகுமரி வரை பயணம் வந்தார். பிரம்மச்சாரிகளையும், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்து ஜனங்களையும் 1937-ல் வரைந்தார். மாநிறமும் கருப்பும் கலந்த நம்ம ஜனங்களின் தோல் அந்தப் படங்களில் ஜொலிக்கிறது.

தன் முகத்தைப் பழகினவருக்கு அடுத்தவர் முகம் புரிந்தது. 1941-ல் லாகூரில் அவர் இறந்தபோது வயது 28.

அரண்மனையில் ஒரு தொப்பி

இப்போது ராமானுஜத்துக்கு வருவோம்.

அவருடைய படங்களைப் பார்த்தால் அம்புலிமாமா கதையும், பழைய மாயாஜால சினிமா செட்டும் ஞாபகத்துக்கு வரும். மாடி மேல் மாடியாக அரண்மனை. வளைவு வளைவாக வாசல். பறக்கிற பிராணிகள். நெளிகிற பாம்புகள். தேவலோகத்துப் பெண்கள். ஊசி நுனி போகக்கூட இடம் இல்லாமல் மையால் நிரப்பி இருப்பார்.

அத்தனை கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆசாமி நிற்பார். தலையில் தொப்பி. ஒரு படத்தில் மட்டும் அல்ல, படத்துக்குப் படம் வருவார்.

அந்தத் தொப்பிக்காரர் வேறு யாரும் இல்லை. ராமானுஜமேதான்!

மற்ற மாணவர்கள் கண்ணாடியில் தெரிந்த முகத்தை வரைந்தார்கள். ராமானுஜம் கண்ணாடியில் தெரியாததை வரைந்தார். தான் எங்கே இருக்க ஆசைப்பட்டாரோ, அந்த இடத்தில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். வெளியில் நாலு பேரோடு நாலு வார்த்தை பேசச் சிரமப்பட்டவர், பேப்பரில் தேவலோகத்துக்குள்ளேயே நடமாடினார்.

இதை வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. பெரிய பெரிய ஓவியர்களும் இதைச் செய்து இருக்கிறார்கள்.

மேலே சொன்ன ரெம்பிராண்ட், 1656-ல் திவால் ஆனார். வீடு போனது. அவர் சேர்த்து வைத்து இருந்த சாமான்கள் ஏலத்துக்குப் போயின. கடை நொடித்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ரெம்பிராண்ட் என்ன செய்தார் தெரியுமா? 1658-ல் தன்னையே வரைந்தார். பொன் நிற அங்கி, கையில் கோல், ராஜா மாதிரி உட்கார்ந்து இருக்கிற கோலம்! கடன்காரர்கள் எடுத்துக்கொண்டது வீட்டை. என்னை அல்ல என்று சொல்வது போல இருக்கிறது அந்தப் படம்.

மெக்சிகோ நாட்டுப் பெண் ஓவியர் பிரிடா காலோ கதை வேறு மாதிரி. 1925 செப்டம்பர் 17-ந் தேதி, 18 வயதில், அவர் போன பஸ் மீது டிராம் வண்டி மோதியது. முதுகெலும்பு, இடுப்பு எலும்பு எல்லாம் முறிந்தன. மாதக்கணக்கில் மல்லாந்து படுத்தே கிடந்தார். படுத்தபடி வரைவதற்குத் தாயார் ஒரு பலகை செய்து கொடுக்க ஏற்பாடு செய்தார். தலைக்கு மேலே கண்ணாடியும் மாட்டப்பட்டது. கண்ணைத் திறந்தால் தன் முகம்தான். அதையே வரையத் தொடங்கினார். அவர் ஆயுளில் வரைந்த சுமார் 140 ஓவியங்களில் 55 அவருடைய படம்தான்.

அந்தத் தாயார் "படம் போட்டா சோறு வருமா?" என்று கேட்கவில்லை. கண்ணாடி மாட்டிக் கொடுத்தார்.

துணி கொடுத்த நிலம்

சரி, சோறு? அந்தக் கேள்விக்கும் ராமானுஜம் கதையில் பதில் இருக்கிறது. அதுவும் துணி சம்பந்தப்பட்ட பதில்.

படிப்பு முடித்த ஓவிய மாணவர்கள் என்ன வேலைக்குப் போவது என்று பணிக்கர் கவலைப்பட்டார். அன்றைக்குச் சென்னையில் ஓவியம் வாங்குகிறவர்கள் குறைவு. வயிற்றுப் பிழைப்புக்காக வேறு வேலைக்குப் போனால், கை வரைவதை மறந்துவிடும்.

பணிக்கரும் மாணவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அது பாத்திக் துணி. துணியில் உருகிய மெழுகால் படம் வரைந்து, சாயத்தில் முக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை எடுத்துவிட்டு மறுபடி வரைந்து அடுத்த சாயம். இப்படி செய்த துணிகளைக் கண்காட்சி வைத்து விற்றார்கள். துணி விற்றது. காசு சேர்ந்தது.

அந்தக் காசைப் போட்டுத்தான் 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டி ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சர்க்கார் மானியத்தை எதிர்பார்க்காமல், ஓவியர்களும் சிற்பிகளும் தங்கள் கையால் சம்பாதித்துக் கட்டிய கிராமம். பகலில் கைத்தொழில், மிச்ச நேரத்தில் ஓவியம் என்று வாழ்ந்தார்கள்.

ராமானுஜமும் அங்கேதான் வாழ்ந்தார். தனிமை அவரை விடவில்லை. ஆனால் அவர் தொப்பியைப் பார்த்துக் கேலி செய்யாத, அவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டுகிற ஜனங்கள் சுற்றிலும் இருந்தார்கள். சென்னை கன்னிமரா ஓட்டலுக்காகப் பெரிய சுவர் ஓவியம் வரைகிற அளவுக்கு அவர் பெயர் வளர்ந்தது.

1973

1973-ல் ராமானுஜம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

"கலைஞன் என்றால் அப்படித்தான்" என்று சிலர் சொல்வது உண்டு. அது சரி அல்ல. மனநோய் அவருக்குப் படம் கொடுக்கவில்லை. அவருக்குப் படம் கொடுத்தது கையும், உழைப்பும், இடம் கொடுத்த வாத்தியாரும்தான். நோய் கொடுத்தது வேதனையை மட்டும்தான்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. படம் வரைவது மனசுக்கு ஆறுதல். பேச வராத பிள்ளைக்கு அது ஒரு வாய். ஆனால் படம் மருந்து ஆகிவிடாது. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிற மாதிரி, மனசுக்கு முடியவில்லை என்றாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பிள்ளை வரைகிற தன் படங்களில் முகம் மெல்ல மெல்ல இருண்டுகொண்டே போகிறதா? பிள்ளை சாப்பாடு, தூக்கம், சேக்காளிகளை விட்டு ஒதுங்குகிறதா? படத்தைக் கிழித்துப் போட வேண்டாம். திட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாரு, சாமி? என்ன நினைச்சு வரைஞ்சே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பாதிப் பாரம் இறங்கும்.

மீதிக்கு உதவி இருக்கிறது. மத்திய சர்க்கார் 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" மனநல உதவி எண் 14416. தமிழில் பேசலாம். காசு கிடையாது. ராத்திரி பகல் எப்போதும் கூப்பிடலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. "பைத்தியம்" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் முதல் உதவி.

எங்கே படிப்பது?

ஓவியம் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரிகள் உண்டு. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பிளஸ்-2 முடித்தவர்கள் சேரலாம். பட்டப் படிப்பு 4 வருஷம். கையில் வித்தை இருக்கிறதா என்று வரையச் சொல்லிப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். சென்னைக் கல்லூரியில் துணி டிசைன் பிரிவும் உண்டு. பனியனில் பிரிண்ட் போடாமல் ஆர்டர் ஓடாத திருப்பூருக்கு 4 வருஷம் படித்த கை தேவைப்படாமல் போகாது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எழுதக்கூடிய தேர்வும் இருக்கிறது. அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கு லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று இரண்டு படி உண்டு. ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போக நினைப்பவர்கள் அதில் இருந்து தொடங்குவார்கள்.

ஆனால் ஓவிய ஆசிரியர்கள் நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இருந்தது இல்லை. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்பயிற்சி, தையல், இசை, கம்ப்யூட்டர் முதலான பாடங்களுக்காக 16 ஆயிரத்து 549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்தில் 3 அரை நாள் வேலை. அப்போது மாதம் ரூ.5 ஆயிரம் சம்பளம். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டச் செய்திகளைப் படித்து இருப்பீர்கள்.

அதுபோக, பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய பீரியட்தான். கணக்கு வாத்தியாரோ, சயின்ஸ் வாத்தியாரோ வாங்கிக்கொள்வார். "படம்தானே, பரவாயில்லை" என்பார்கள்.

ராமானுஜத்துக்குக் கணக்கு வரவில்லை, பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடம் கொடுக்கும் எல்லாப் பீரியடிலும் தோற்றவர், ஒரே ஒரு பீரியடில் ஜெயித்தார். அந்தப் பீரியடையும் பிடுங்கி இருந்தால், தொப்பிக்காரர் என்று ஒருவர் இருந்ததே நமக்குத் தெரிந்து இருக்காது. இன்றைக்குச் சோழமண்டலத்தில் சென்னை ஓவியர்களுக்கு என்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. சென்னை ஓவியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் ராமானுஜத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

தாராபுரம்-கரூர் ரோட்டு ஊர்களில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, அதில் எத்தனையில் ஓவிய பீரியட் ஒழுங்காக நடக்கிறது? பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், இதையும் ஒரு வார்த்தை தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வரலாம்.